கல்லறைப் பாத்தி

டோங்சாய் கிராமம்
ஜூன் 24, 2001

லான்,

ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான்காம் பாத்தியில் நான் யாருக்கும் தெரியாமல் யூரியா போடவில்லை. பகலிலும் போடவில்லை, இரவிலும் போடவில்லை. அக்டோபரில் விதைக்கும்போது நீ உன் கையால் அளந்து போட்டதையும், ஏப்ரலில் உன் மாணவர்கள் வந்து போட்டதையும் தவிர அந்தப் பாத்தி வேறு எதையும் கண்டதில்லை.

பேச்சு எங்கே தொடங்கியது என்றும் சொல்கிறேன். அறுவடை அன்று உன் மாணவர்கள் நான்கு பாத்திகளையும் தனித்தனியாக அறுத்து எடை போட்டார்கள் அல்லவா? முழு யூரியா போட்ட முதல் பாத்தியைவிட, பாதி யூரியாவும் நீ கொண்டுவந்த நீர் பிடிக்கும் மணிகளும் போட்ட நான்காம் பாத்தியின் எடை அதிகமாக இருந்தது. சாலையில் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். மறுநாள் நான் கோதுமை அரைக்கப் போனபோது பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்கு மாவு மில்லுக்காரி என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"பாதி யூரியாவுல இப்படி விளையுமாடி? அந்தக் கல்கண்டு மணியை நமக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கேன்."

"கல்கண்டுல என்ன இருக்கு? எல்லாம் மாமியார் கை மருந்து. மருமக வேற வீட்டுக்குப் போயிட்டாளே, பயிரைப் பாக்குற சாக்குலயாவது வரட்டும்னு ராத்திரில ஊட்டி வளத்திருக்கா."

"என் வாயில பொய் வராது. உன் வாயில வேற எதுவும் வராது" என்று சொல்லிவிட்டு, அரைக்காமலே மூட்டையைத் திருப்பி எடுத்து வந்தேன். பக்கத்து ஊர் மில்லுக்கு நடந்து போய் அரைத்தேன்.

மில்லுக்காரி பேசுவதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் எடை போட்ட பிறகு நீயும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் வண்டியில் ஏறினாய். அதற்கு முன், இரும்புக் குழாயை இறக்கி அந்தப் பாத்தியில் மட்டும் இரண்டு முறை மண் எடுக்கச் சொன்னாய். கேட்க வேண்டியது இருந்தால் என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம்.

என் மகன் ஹெங் இறந்த மூன்றாம் வருஷம் நீ மெங்கைக் கல்யாணம் செய்துகொண்டாய். நான் வரவில்லை. அது வேறு விஷயம். அதையும் இதையும் நீ கலக்க மாட்டாய் என்று நம்பித்தான் நிலத்தைக் கொடுத்தேன்.

தொலைபேசியில் அழைக்காதே. கிராம அலுவலகத்தில் ஒலிபெருக்கியைப் போட்டு, உன் மாமனாரின் குடும்பப் பெயரால் "சு வீட்டுப் பெரியம்மா, பாவோடிங்லேர்ந்து பழைய மருமக பேசுறாங்க" என்று ஊர் முழுக்கக் கூப்பிடுகிறார்கள். "பழைய" என்ற சொல்லை அந்தப் பையன் எங்கே கற்றான் என்று தெரியவில்லை.

யான் ருயின்


பாவோடிங், வேளாண் கல்லூரி
ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து சில நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்தேன். நீங்கள் வாத்தியார் போலப் படிப்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் கை வரவில்லை.

தேநீர் குடிக்காமல் கிளம்பியது என் தப்பு. உட்கார்ந்தால் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

நீங்கள் நேராகக் கேட்கச் சொன்னதால், என்ன பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன். நம் ஊரில் யூரியாவை மண்மேல் வீசி, உடனே பம்புத் தண்ணீரை விடுகிறோம். பாதியைப் பயிர் தின்பதற்குள் மீதி தண்ணீரோடு கீழே போய்விடுகிறது, கடைசியில் நாம் குடிக்கிற கிணற்றில் சேருகிறது. அந்த மணிகள் தண்ணீர் குடித்து வெந்த ஜவ்வரிசி மாதிரி ஊதி, யூரியா கரைந்த தண்ணீரை வேர்ப்பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. வேர் கேட்கக் கேட்கக் கொடுக்கும். அவ்வளவுதான் அவற்றின் வேலை. இல்லாத யூரியாவை அவை உண்டாக்காது.

மற்ற ஐந்து ஊர்களிலும் இதே மாதிரிப் பாத்தி போட்டேன். மணி போட்ட இடத்தில் ஆழத்து மண் சுத்தமாக இருக்கிறது. உங்கள் நான்காம் பாத்தியில் மட்டும் ஓர் ஆள் ஆழத்திலும் யூரியாவின் உப்பு நிறைய இருக்கிறது. மணி பிடித்தது போக வழிந்து இறங்கியிருக்கிறது. சாலையோரத்தில்தான் மிக அதிகம். உள்ளே போகப் போகக் குறைகிறது.

சாலையோரத்தில் ஹெங் படுத்திருக்கிறார். கல்லறை மேட்டைச் சுற்றித்தான் பயிர் கறுத்து, கனம் தாங்காமல் சாய்ந்திருந்தது.

அத்தை, ஹெங் போன குளிர்காலத்தில் நான் சாப்பிடாமல் கிடந்தேன். தினமும் என் கிண்ணத்தில் நூடுல்ஸுக்கு அடியில் ஒரு முட்டை இருக்கும். "கோழி முட்டையே போடல, எங்கேர்ந்து வந்துச்சு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். மண் பரிசோதனை முடிவைப் பார்த்தபோது எனக்கு அந்த முட்டைதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் போட்டதாகச் சொல்லவில்லை. போட்டிருந்தாலும் எனக்குப் புரியும் என்று மட்டும் சொல்கிறேன். உங்கள் நிலத்து விளைச்சல் எண்ணை, மாவட்டத்துக்குப் போகும் அறிக்கையிலிருந்து எடுக்கவில்லை. யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. நிம்மதியாக இருங்கள்.

மழை வந்ததா? மக்காச்சோளம் முளைத்துவிட்டதா?

லான்


டோங்சாய்
ஜூலை 8

லான்,

முட்டை வைத்தது நான்தான். முட்டை வேறு, இது வேறு. முட்டையை வைத்து உன்னைத்தான் ஏமாற்றினேன். உன் அறிக்கை யாரை ஏமாற்றும் என்று யோசித்தாயா?

நான் கேட்காத மன்னிப்பை நீ எனக்குக் கொடுத்திருக்கிறாய். செய்யாத குற்றத்துக்கு. மில்லுக்காரியாவது என் காதுபடப் பேசினாள். நீ மனதுக்குள் என்னைக் கள்ளியாக்கி, அதற்கு மேல் பாசத்தைப் போர்த்தி அனுப்பியிருக்கிறாய். நிம்மதியாக இருக்கச் சொல்கிறாய்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் அகத்தா எங்கள் பூத்தையலைத் திருப்பிப் பின்பக்கம்தான் பார்ப்பார். முன்னால் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்னால் ஒரு பொய் முடிச்சு இருந்தால், "பிரி" என்பார். அழுதாலும் பிரிக்கத்தான் வேண்டும். நான் அங்கே வளர்ந்தவள். பொய் என்று நீயே நினைக்கும் எண்ணை, என் பெயரைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லி அறிக்கையில் வைத்திருக்காதே. உண்மை என்றால் வைத்துக்கொள். பொய் என்றால் எடு. இரண்டுக்கும் நடுவில் எனக்கு இடம் வேண்டாம்.

என் வார்த்தை போதாது என்று தெரிகிறது. அதனால் சாட்சி வைக்கப் பார்த்தேன். பக்கத்து நிலத்து கோ டாஷானை உனக்குத் தெரியும். பம்புச் சாவி இப்போதும் அவனிடம்தான். என் வயலுக்கும் முறைத் தண்ணீரை அவன்தான் விடுகிறான். தண்ணீர் விடுபவன் வரப்பைத் திறக்கலாம், மூடலாம், அடுத்தவர் பாத்தியில் கை வைக்கக் கூடாது, வைத்தால் சாவி போய்விடும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆகவே அங்கே யார் வந்தார்கள், போனார்கள் என்று அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்?

நேற்று அவனைக் கூப்பிட்டு, "டாஷான், நான் அந்தப் பாத்தியில கால் வைக்கலைன்னு நீ பாவோடிங்குக்கு எழுதிக் கொடு" என்றேன்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நீங்க கால் வைக்கலைன்னு எழுதலாம், அண்ணி" என்றான்.

"யாரும் கால் வைக்கலைன்னும் எழுது."

"பம்புக்கு டீசல் ஊத்தணும்" என்று போய்விட்டான். தினமும் காலையில் கஞ்சி குடிக்க வருபவன், இன்று வரவில்லை.

அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

மழை இல்லை. மக்காச்சோளம் முளைத்திருக்கிறது.

யான் ருயின்


பாவோடிங்
ஜூலை 15

அத்தைக்கு,

கோபப்படுவீர்கள் என்று தெரிந்தும் நேற்று அழைத்தேன். ஒலிபெருக்கியில் கூப்பிட்டும் நீங்கள் வரவில்லை என்று அந்தப் பையன் சொன்னான். வரமாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். குரலைக் கேட்டால் போதும் என்றுதான் அழைத்தேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் போடவில்லை. நம்புகிறேன். முதல் கடிதத்திலேயே நம்பியிருக்க வேண்டும்.

ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த எண்ணை உங்களுக்காக மட்டும் நான் வைத்திருக்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது. மற்ற ஐந்து ஊர்களின் எண்களை மட்டும் எடுத்தால், மணி போட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு யூரியா வேண்டும் என்று வருகிறது. உங்கள் நிலத்தைச் சேர்த்தால் பாதி போதும் என்று வருகிறது. பாதி என்றால்தான் மணியின் விலை கட்டுபடியாகும், மாவட்ட அலுவலகம் கிழக்கு மணல்காட்டுக்காரர்களுக்கு இந்த அக்டோபரிலேயே கொடுக்கும். மூன்றில் இரண்டு என்றால், "நல்ல ஆராய்ச்சி, இன்னும் பார்க்கலாம்" என்று கோப்பை மூடி வைப்பார்கள். இரண்டு வருஷ உழைப்பு, அத்தை. கிணறு வருஷா வருஷம் கீழே போகிறது, அதற்குப் பொறுமை இல்லை. மெங்கிடம் சொன்னேன். "ஆறு நிலத்துல ஒண்ணுதானே" என்றார். அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒன்றில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதம் இருபத்தெட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நிலத்தை நீக்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். மண்ணில் உப்பு அதிகம் என்பது மட்டும் போதாது, அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். நிலத்துக்காரர் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும்.

நீங்கள் இல்லையென்றால் யார்? தெரிந்தால் எழுதுங்கள். தெரியாது என்றாலும் எழுதுங்கள்.

தினமும் கஞ்சி குடிக்க வரும் டாஷான் சித்தப்பா ஏன் வரவில்லை?

லான்


டோங்சாய்
ஜூலை 21

லான்,

நேற்று மத்தியானம் மழை கொட்டியது. டாஷான் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணி, யாரும் கால் வைக்கலைன்னு சாட்சி எழுதச் சொன்னீங்கள்ல, என்னால முடியாது."

"ஏன்?"

"வச்சது நாந்தான்."

அவனே மேலே சொன்னான்.

"ஏப்ரல்ல தண்ணி விட்ட அன்னிக்கு. கல்லறை சுத்தம் பண்ற நாள் முடிஞ்ச கையோட. அந்தப் பசங்க முதல் பாத்தியில வாளி வாளியா வீசினாங்க. ரோட்டோரத்துல என்னவோ தட்டுல உப்புத் தூவுற மாதிரி தூவிட்டுப் போயிட்டாங்க. தீந்துபோச்சு போலன்னு நெனச்சேன். போறவன் வர்றவன் எல்லாம் பாக்குறான், அண்ணி. ஊர் முழுக்கப் பயிர் கருகருன்னு நிக்குது, ஹெங் தலைமாட்டுல மட்டும் வெளிறி நிக்குது. என் பேசின்ல யூரியா மிச்சம் இருந்துச்சு. வீசிட்டேன். அவனைச் சுத்தி ரெண்டு கை கூடவே வீசினேன்."

"தீந்துபோகல டாஷான். வேணும்னுதான் கொறச்சுப் போட்டாங்க. அதுதான் சோதனையே."

"படிச்சவங்க வேணும்னே பயிரைப் பட்டினி போடுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் வைத்துக்கொள்.

உள்ளே இருந்த இரண்டாம், மூன்றாம் பாத்திகளிலும் குறைத்துத்தானே போட்டார்கள், அங்கே ஏன் வீசவில்லை என்று கேட்டேன். "அங்க யார் இருக்கா?" என்றான்.

கடைசி நாளில் ஹெங்கை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது டாஷானின் வண்டி. பாதி வழியில் அது நின்றுபோனது உனக்கும் தெரியும். வேறு வண்டியில் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். நான் அதை டாஷானுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவன் தலையாட்டினான். அவன் அதை நம்பவில்லை என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவன், "நானே போய் ஒலிபெருக்கியில சொல்லிடறேன். உங்க பேரு கெடக் கூடாது" என்றான்.

"சொன்னா பம்புச் சாவி யார் கைக்குப் போகும்?"

"மில்லுக்காரி தம்பி கைக்கு."

"பம்புக் கூலி போயிட்டா உன் பெண்டாட்டி மருந்துக்கு அப்பறம் யாரு கொடுப்பா? அவ தம்பியா?"

"அதுக்காக நீங்க கெட்ட பேரு எடுக்கறதா?"

"என் பேரு எனக்குத் தெரியும். உள்ள வா, கஞ்சி ஆறுது."

வந்து குடித்தான்.

இனி உன் விஷயம். இதோடு நீ கேட்ட தாளை வைத்திருக்கிறேன். என் முத்திரையும் போட்டிருக்கிறேன். அதில் எழுதியிருப்பது இது: "என் நிலத்தில், என் பொறுப்பில் இருந்தபோது, நான்காம் பாத்தியில் அளவுக்கு மேல் யூரியா விழுந்திருக்கிறது. இந்த நிலத்தின் எண்களை அறிக்கையிலிருந்து நீக்கக் கேட்டுக்கொள்கிறேன். யான் ருயின்." இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, யார் பெயரும் இல்லை. மாவட்ட அலுவலகத்தில் இதைப் படிப்பவர்கள் நான்தான் போட்டேன் என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே மில்லுக்காரியின் மருமகன் எழுத்தராக இருக்கிறான். ஒரு வாரத்தில் அவளுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். முதல் கடிதத்தில் நான் திருத்தியது உனக்காக. ஊருக்கு அதைத் திருத்த வேண்டாம். டாஷான் பெயரை நீ எங்கும் எழுதக் கூடாது. மெங்கிடமும் சொல்லாதே.

பாதி போதும் என்று நீ எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். கிழக்கு மணல்காட்டில் யாருக்கு நிலம் இருக்கிறது என்று உனக்கு மறந்திருக்கலாம். டாஷானுக்கு இருக்கிறது. "ஹெங் பொண்டாட்டி சொன்னா சரியா இருக்கும்" என்று முதலில் பாதி போட்டு விதைப்பவன் அவன்தான். ஹெங்கின் தலைமாட்டில் அவன் வீசின யூரியா, அடுத்த வருஷம் அவன் வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கும். யாரால் என்று கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்றில் இரண்டு பங்கு என்றால் மூன்றில் இரண்டு பங்கு என்றே எழுது. கோப்பை மூடினால் மூடட்டும். நீ மறுபடி திறக்கக் கூடியவள்.

என் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் அந்தப் பயிர் கல்லறையைச் சுற்றிக் கறுத்து எழுந்து நின்றதைப் பார்த்தேன். பாதி யூரியாவில் இது எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் அங்கே போய் நின்றேன். ஏதோ ஓர் அருள் என்று நினைத்தேன். என் மகனும், நீ கொண்டுவந்த மணிகளும் சேர்ந்து செய்தது என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லாமல் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உன் சந்தேகம் என்னை அவ்வளவு சுட்டது.

நிலம் இங்கேயே இருக்கிறது. அக்டோபரில் மறுபடி விதைக்க வேண்டுமென்றால் விதைக்கலாம். மாவட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும். இந்த முறை பாத்திகளைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளிப் போடு. எந்தப் பாத்தியை ஏன் பட்டினி போடுகிறாய் என்று டாஷானை உட்கார வைத்து நீயே சொல். உன் மாணவர்கள் சொன்னால் அவனுக்கு விளங்காது. ஹெங்கைச் சுற்றி எதையும் அளக்காதே. அந்த மூலையைப் பொதுவாக விட்டுவிடு. டாஷான் அங்கே எவ்வளவு வீச வேண்டுமோ வீசட்டும். அந்தச் சின்ன இடத்தைக் கிணறு பொறுத்துக்கொள்ளும்.

உன் கல்யாணத்துக்கு நான் வராதது வேறு விஷயம் என்று எழுதியிருந்தேன். அது இன்னும் முடியவில்லை. ஆனால் விதைக்க வரும்போது மெங்கும் வருவதானால், இரண்டு கிண்ணம் வைக்கிறேன். முட்டையை இந்த முறை நூடுல்ஸுக்கு மேலேயே வைக்கிறேன்.

என் நிலத்து எண்ணை நீக்கிவிட்டாயா, அக்டோபரில் வருகிறாயா, இரண்டையும் எனக்குத் தெரிவி. தொலைபேசி வேண்டாம். கடிதமாக எழுது.

யான் ருயின்